ஆளைக் கேட்டீர்கள், வழியைக் கேட்கவில்லை: தமிழரசுக் கட்சியின் மத்திய செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைத் தமிழரசுக் கட்சியின் மத்திய செயற்குழு உறுப்பினர்களுக்கும் பொதுச்சபை உறுப்பினர்களுக்கும்,

2024 டிசம்பர் 18 அன்று நமது கட்சிக்கு 75 வருடம் நிறைகிறது. இந்த வேளையில் கட்சியின் தலைவர் யார் என்று கேட்டால் ஊருக்கு ஊர் வேறு விடை வருகிறது. இந்த வருடம் ஜனவரியில் நடக்கவிருந்த மாநாடு இன்னும் நடக்கவில்லை. நிர்வாகத் தெரிவு பற்றிய வழக்கு திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் கிடக்கிறது. இதையெல்லாம் வெளியில் பேசக்கூடாது, கட்சிக்குள் பேசவேண்டும் என்று சொல்வீர்கள். கட்சிக்குள் பேசுவதற்கு ஓர் இடம் இருந்திருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கட்சியின் ஊர்க் கிளையான ஒரு மூலக்கிளைக்கு நான் செயலாளர். தனிச்சிங்களச் சட்டத்துக்கு எதிரான 1961 சத்தியாக்கிரகத்தின்போது கோட்டைக்குள் இருக்கும் மட்டக்களப்புக் கச்சேரி (அரச செயலகம்) வாசலில் என் அப்பாவும் இருந்தவர். அவர் சாகும்வரை எங்கள் வீட்டு மண்டபத்தில் கட்சியை நிறுவிய தந்தை செல்வாவின் (செல்வநாயகத்தின்) படம் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தொங்கியது. இப்போதும் தொங்குகிறது. இதை உரிமை கோருவதற்காகச் சொல்லவில்லை. இந்தக் கட்சி எனக்கு ஒரு தேர்தல் சின்னம் மட்டும்தான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நவம்பர் 14 தேர்தலுக்கு ஒரு கிழமை முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நானும் என் மச்சானும் துண்டுப்பிரசுரத்துடன் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்க்கொண்டிருந்தோம். அவரும் எங்கள் மூலக்கிளைதான், என்னைவிட மூத்த உறுப்பினர். ஒரு வளவில் வயதான அம்மா ஒருவர் திண்ணையில் இருந்து கிடுகு பின்னிக்கொண்டிருந்தார். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. துண்டுப்பிரசுரத்தை வாங்கி மடியில் வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என்னிடம் கேட்டார்: "மனே, போன தேர்தலுக்கு நீ வந்து சங்குக்குப் போடச் சொன்னாய். உன்ட மச்சான் அடுத்த நாள் வந்து ரெலிபோனுக்குப் போடச் சொன்னான். இப்ப ரெண்டு பேரும் ஒண்டா வந்து வீடு எண்டுறீங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரு கட்சியா, ரெண்டு கட்சியா?"

செப்டம்பரில் சங்கு தமிழ்ப் பொது வேட்பாளரின் சின்னம், ரெலிபோன் சஜித் பிரேமதாசவின் சின்னம்; வீடு நமது கட்சியின் சின்னம். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் பதில் வரவில்லை. "இது பாராளுமன்றத் தேர்தல் அம்மா, அது ஜனாதிபதித் தேர்தல்" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்த அம்மா கேட்டது சின்னத்தைப் பற்றிய கேள்வி இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் கேட்டது உங்களிடம் கேட்கவேண்டிய கேள்வி. என் கையில் துண்டுப்பிரசுரம் இருந்ததால் என்னிடம் கேட்டார்.

சரி, நான் மறைக்கவில்லை. செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் நான் சங்குக்கே வாக்களித்தேன், வாக்கும் கேட்டேன். செப்டம்பர் 1 அன்று வவுனியாவில் கூடிய மத்திய செயற்குழு சஜித் பிரேமதாசவை ஆதரிப்பது என்றும், தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் போட்டியில் இருந்து விலகவேண்டும் என்றும் முடிவெடுத்தது எனக்குத் தெரியும். அந்த முடிவை நான் மீறினேன். மச்சான் முடிவின்படி நடந்தார். அவர் செய்தது சரி, நான் செய்தது பிழை என்று கட்சி சொன்னால் நான் ஏற்றுக்கொள்ளத் தயார். ஆனால் அந்தப் பொது வேட்பாளர் யார்? எங்கள் மாவட்டத்தின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், இதே கட்சியின் உறுப்பினர். ஜனவரியில் பொதுச்சபை வாக்களித்துத் தலைவராகத் தெரிவுசெய்த சிறீதரனும் அவரைத்தான் ஆதரித்தார். கட்சியின் ஒரு பக்கத்துக்குக் கீழ்ப்படிந்தால் மறுபக்கத்துக்குத் துரோகி. எங்களைப் போன்ற அடிமட்டத்து ஆட்களை இந்த நிலையில் கொண்டுவந்து விட்டது யார்?

ஜனவரி 21 அன்று திருகோணமலையில் நடந்த தலைவர் தெரிவைப் பற்றி நாங்கள் எவ்வளவு பெருமைப்பட்டோம் தெரியுமா? கட்சியின் வரலாற்றில் தலைவரை வாக்கெடுப்பில் தெரிவுசெய்வது இதுதான் முதல் தடவை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோம். சிறீதரனுக்கு 184 வாக்குகள், சுமந்திரனுக்கு 137. தோற்றவர் வென்றவரை வாழ்த்தினார். மற்றக் கட்சிகளில் இப்படி நடக்குமா என்று தேநீர்க் கடையில் வாதாடினேன். ஒரு கிழமைகூட அந்தப் பெருமை நிலைக்கவில்லை. 27ஆம் திகதி பொதுச்செயலாளர் தெரிவில் சச்சரவு வந்தது, மறுநாள் மாநாடு ஒத்திவைக்கப்பட்டது, பெப்ரவரியில் வழக்கும் வந்தது, இடைக்காலத் தடையும் வந்தது.

அந்த நாளைப் பற்றி நான் பிறகு நிறைய யோசித்தேன். அந்த 321 பேரிடமும் கேட்கப்பட்டது ஒரே ஒரு கேள்வி: இவரா, அவரா? எந்த வழியில் போவது என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் உண்மையான பிளவு வழியில்தான் இருந்தது. கொழும்பில் வருகிற அரசுகளோடு பேசி, நாடாளுமன்றத்துக்குள் நின்று, ஒரு புதிய அரசியல் யாப்பின் மூலம் அதிகாரத்தைப் பெறுவது ஒரு வழி. அது பலமுறை முயன்று தோற்ற வழி, இனி தமிழரைத் தனித்த தேசமாகத் திரட்டி உலகத்துக்கு முன்னால் நிறுத்தவேண்டும் என்பது மற்ற வழி. இந்த இரண்டில் ஒன்றை எழுத்தில் முன்வைத்து, அதன்மேல் பொதுச்சபையில் விவாதம் நடத்தி, கைதூக்கி முடிவெடுத்த நாள் ஒன்றை எனக்குக் காட்டுங்கள். ஆளுக்கு வாக்குப் போட்டால் வழியும் அதோடு முடிவாகிவிடும் என்று நினைத்தீர்கள். முடிவாகவில்லை. எட்டு மாதத்தில் அதே கேள்வி பொது வேட்பாளர் என்ற உருவத்தில் திரும்பி வந்தது. அப்போதும் மூலக்கிளைகளைக் கேட்கவில்லை.

இரண்டு வழிக்காரரும் மக்களுக்குக் கணக்குக் காட்டவேண்டியவர்கள் என்பதையும் சொல்லவேண்டும். பேசிப் பெறுவோம் என்பவர்களிடம் நான் கேட்பது இது. 2010இல் சரத் பொன்சேகா, 2015இல் மைத்திரிபால சிறிசேன, 2019இலும் 2024இலும் சஜித் பிரேமதாச. நான்கு ஜனாதிபதித் தேர்தல்களில் நமது மக்களிடம் இவர்களுக்கு வாக்குக் கேட்டோம். வென்றது ஒரே ஒருவர். அவருடைய காலத்தில் சம்பந்தன் ஐயா எதிர்க்கட்சித் தலைவராகவும் இருந்தார், அரசியலமைப்புப் பேரவையும் கூடியது, "ஏக்கிய இராச்சிய, ஒருமித்த நாடு" என்ற சொற்களை வைத்து ஒரு வரைவும் வந்தது. அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்று எங்கள் ஊரில் ஒரு கூட்டம் போட்டு விளக்க யாரும் வரவில்லை. எதிர்த்தவர்கள் மட்டும் வந்து விளக்கினார்கள். வரைவு வரைவாகவே போய்விட்டது. அந்த ஐந்து வருடத்தில் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை, ஏன் என்று ஒரு பத்துப் பக்கத்திலாவது எழுதி உறுப்பினர்களுக்குத் தந்தீர்களா?

தனித்துத் திரள்வோம் என்பவர்களிடமும், நான் அந்தப் பக்கம் வாக்களித்தவன் என்ற முறையில், ஒன்று கேட்கிறேன். சங்குக்கு 226,343 வாக்குகள் விழுந்தன. அதில் என்னுடையதும் ஒன்று. அடுத்த நாள் காலை அந்த வாக்குகளை வைத்து என்ன செய்வது என்று நம்மிடம் ஏதாவது திட்டம் இருந்ததா? நவம்பரில் அதே சங்கு இன்னொரு கூட்டணியின் சின்னமாக நமது வீட்டுக்கு எதிரே நின்றது. செப்டம்பரில் "சங்குக்குப் போடுங்கள்" என்று நான் சொன்ன வீடுகளில் நவம்பரில் "சங்குக்குப் போடவேண்டாம்" என்று சொல்லவேண்டி வந்தது. அதை விளங்கப்படுத்திச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும்.

இதன் விலை என்ன என்பதை எண்ணிக்கையில் பார்க்கலாம். யாழ்ப்பாண மாவட்டத்தில் 2015இல் வீட்டுக்கு ஐந்து ஆசனங்கள். 2020இல் மூன்று. இந்த நவம்பரில் ஆறில் ஒன்று. தேசிய மக்கள் சக்தி மூன்று ஆசனங்களுடன் அந்த மாவட்டத்தையே எடுத்துக்கொண்டது. அதற்கு நாட்டில் 159 ஆசனங்கள் கிடைத்தன, 22 தேர்தல் மாவட்டங்களில் 21ஐ அது வென்றது. வெல்லாத ஒரே மாவட்டம் எங்கள் மட்டக்களப்பு. இங்கே ஐந்தில் மூன்றை வீட்டுக்குத் தந்தோம். கட்சிக்கு முழு நாட்டிலும் கிடைத்த எட்டு ஆசனங்களில் மூன்று எங்களுடையவை.

இதைச் சொல்லி எங்களைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். மட்டக்களப்பு காப்பாற்றியது என்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மேடையில் சொல்கிறார்கள். ஏன் காப்பாற்றியது என்று யாரும் வந்து கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் கட்சியின் சண்டையை மன்னித்துவிட்டு வாக்களித்தார்கள் என்று நினைத்தால் அது தவறு. இங்கே தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று மூன்று சமூகங்களும் வாழ்கிறோம். ஓர் ஆசனம் கைமாறினால் அது எங்கே போகும் என்று கிடுகு பின்னுகிற அம்மாவுக்கும் தெரியும். எண்ணிக்கை பற்றிய அந்தப் பயம்தான் வாக்காக விழுந்தது. அந்தப் பயத்தின் மீது ஒரு கட்சி எத்தனை தேர்தலுக்கு ஓடமுடியும்?

மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பிரச்சினை உங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. வெளி மாவட்டங்களில் இருந்து வந்தவர்கள் அங்கே காணி பிடித்துப் பயிர் செய்கிறார்கள். எங்கள் பண்ணையாளர்களின் மாடுகள் வெட்டுப்பட்டும் சுடுபட்டும் பட்டிக்குத் திரும்புகின்றன, சில திரும்புவதே இல்லை. 2023 செப்டம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் கொட்டகை போட்டுப் போராட்டம் தொடங்கினார்கள். நானும் பல நாள் அங்கே போய் இருந்திருக்கிறேன். ஒருநாள் காலையில் ஒரு பண்ணையாளர் பால் கானைச் சைக்கிளில் கட்டியபடியே வந்து இறங்கினார். கான் பாதிகூட நிறையவில்லை. முன்பு இரண்டு கான் கொண்டுவருவாராம். எனக்குப் பக்கத்தில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார்: "தம்பி, எங்கட மாடு செத்தா ஆருக்கிட்டச் சொல்லுற? ஒருத்தர் வந்து நான் கதைக்கிறன் எண்டுறார். மற்றவர் வந்து அவர் கதைச்சு ஒண்டும் நடக்காது எண்டுறார். ரெண்டு பேரும் ஒரு வாகனத்தில வரமாட்டாங்களா?"

அவர் சொன்ன இருவரும் யார் என்று நான் எழுதப் போவதில்லை. யாராக இருந்தாலும் அது கட்சியின் நோய், ஆளின் நோய் இல்லை. ஆனால் அந்தப் பண்ணையாளர் சொன்னதில் நமது இரண்டு வழிகளும் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். அந்தக் காணிக்குப் பொறுப்பான மகாவலி அதிகார சபையோடும் அரசாங்கத்தோடும் பேசித் தீர்ப்பதா, வழக்குப் போடுவதா, வீதியில் நின்று வெளியுலகத்துக்குக் காட்டுவதா? மூன்றையும் சேர்த்துச் செய்யலாம். ஒருவர் செய்வதை மற்றவர் கெடுக்காமல் இருந்தால் போதும்.

இதே மாவட்டத்தில் இருந்து இன்னொரு பழைய கதையையும் நினைவுபடுத்துகிறேன். வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 1977இல் மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதியில் இராசதுரை தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்திலும் காசி ஆனந்தன் நமது வீட்டுச் சின்னத்திலும் நின்றார்கள். ஒரே இயக்கத்தின் இரண்டு ஆட்கள் இரண்டு சின்னத்தில். 1956 முதல் எங்களுடைய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த இராசதுரை வென்றார், காசி ஆனந்தன் தோற்றார். 1979இல் இராசதுரை ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போய் அமைச்சரானார். போனது பிழை என்று என் அப்பா கடைசிவரை சொன்னார். ஆனால் அவரைப் போகும் நிலைக்குத் தள்ளியவர்களும் இருந்தார்கள் என்று அவரே இரவு நேரங்களில் அம்மாவிடம் சொல்வதைப் பாயில் படுத்துக் கிடந்து கேட்டிருக்கிறேன். அந்தக் காயம் யாழ்ப்பாணம் எதிர் மட்டக்களப்பு என்ற பேச்சாக எத்தனை வருடம் நின்றது, அதை யார் யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதெல்லாம் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அதேபோல நீதிமன்றமும் நமக்குப் புதிது இல்லை. 2004 தேர்தலுக்கு முன் விடுதலைக் கூட்டணித் தலைவர் ஆனந்தசங்கரியோடு வந்த பிணக்கு வழக்காகி உதயசூரியன் கைவிட்டுப் போனபோது, தூசு படிந்து கிடந்த வீட்டை எடுத்துக்கொண்டு மக்களிடம் போனோம். மக்கள் 22 ஆசனங்கள் தந்தார்கள். அப்போது ஒதுங்குவதற்கு ஒரு வீடு இருந்தது. இப்போது வழக்கில் இருப்பது அந்த வீடு. இதையும் இழந்தால் எந்தச் சின்னத்தைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாவின் திண்ணைக்கு நான் போவேன்?

வழி பற்றிய சண்டை கட்சிக்குக் கேடு என்று சிலர் சொல்கிறீர்கள். அதை நான் ஏற்கவில்லை. இந்தக் கட்சி பிறந்ததே வழி பற்றிய ஒரு சண்டையில். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்த காலத்தில், தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தபோது, செல்வநாயகமும் வன்னியசிங்கமும் நாகநாதனும் தமிழ்க் காங்கிரசில் இருந்து பிரிந்து வந்தார்கள். பிரிந்ததற்குக் காரணம் என்ன, தங்கள் கோரிக்கை என்ன என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள். 1952இல் இரண்டு ஆசனங்களே கிடைத்தன, காங்கேசன்துறையில் செல்வநாயகமே தோற்றார். அப்படியும் சொன்னதை மாற்றவில்லை. 1956இல் பத்து ஆசனங்கள். 1965இல் டட்லி சேனநாயக்கவின் அரசோடு சேர்ந்து திருச்செல்வம் அமைச்சரானார், 1968இல் வெளியே வந்தோம். அந்தக் காலத்தில் ஊர்காவற்றுறை நவரத்தினம் எதிர்த்துப் பிரிந்து போனார். சண்டை இல்லாத காலம் என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆனால் அப்போது எதற்காகச் சண்டை பிடிக்கிறார்கள் என்று ஊருக்கு விளங்கியது. இன்று எனக்கே விளங்கவில்லை.

கிழக்கில் எடுத்த ஒரு முடிவைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதை வடக்கில் யாரும் பேசுவதில்லை. 2012 கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் நமது கட்சி தலைமை தாங்கிய தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 11 ஆசனங்கள், முஸ்லிம் காங்கிரசுக்கு 7. 2015இல் ஆட்சி மாறியபோது முதலமைச்சர் பதவியை அவர்களுக்கு விட்டுக்கொடுத்து நாம் அமைச்சுப் பொறுப்பு ஏற்றோம். நான் இன்றும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். தமிழரும் முஸ்லிம்களும் பேசிக்கொள்ளாமல் கிழக்கில் ஒன்றும் நடக்காது. ஆனால் அந்த நாட்களில் கோயில் வாசலில் நின்று எத்தனை பேருக்கு நான் பதில் சொன்னேன்! "பதினொன்று வைத்திருக்கிறவன் ஏழு வைத்திருக்கிறவனுக்குக் கொடுப்பானா" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். நல்ல முடிவைக்கூட விளக்காமல் விட்டால் அது துரோகமாகப் பேசப்படும். அடுத்த தேர்தல்களில் எங்களுக்கு எதிரான பிரசாரத்தில் அதுவே முதல் வரியாக இருந்தது.

அந்த மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநர்களே ஆளுகிறார்கள். மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது திருத்தம் போதாது என்பவர்களும், அதிலிருந்து தொடங்கலாம் என்பவர்களும் நமது கட்சிக்குள் இருக்கிறார்கள். போதாததுகூட இப்போது கையில் இல்லை. புதிய அரசு புதிய யாப்பு வரும் என்று சொல்கிறது. அந்த மேசையில் தமிழர் தரப்பின் வரைவு என்று எதை வைப்பீர்கள்? யார் வைப்பார்? இருவர் இரண்டு வரைவைக் கொண்டுபோனால், "முதலில் நீங்கள் ஒரு முடிவுக்கு வாருங்கள்" என்று அவர்கள் சொல்ல நமக்கு என்ன பதில் இருக்கும்?

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பருக்குப் பிறகு எங்கள் மூலக்கிளையை நான் ஒருமுறைகூடக் கூட்டவில்லை. கூட்டினால் சங்குக்காரரும் ரெலிபோன்காரரும் அடிபடுவார்கள் என்று பயந்தேன். மச்சானும் நானும் மூன்று கிழமை பேசவில்லை. என் தங்கைதான் ஒருநாள் சோறு போட்டு வைத்துவிட்டு இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். சாப்பிட்டு முடிய, நான் ஏன் சங்குக்குப் போட்டேன் என்று சொன்னேன். அவர் ஏன் போடவில்லை என்று சொன்னார். இரண்டு மணித்தியாலம் பேசினோம். அவர் மனம் மாறவில்லை, நானும் மாறவில்லை. ஆனால் அடுத்த கிழமை ஒன்றாக வாக்குக் கேட்கப் போனோம். நவம்பர் கடைசி வெள்ளத்தில் என் வயல் மூழ்கியபோது வரம்பு வெட்டித் தண்ணீர் விட முதலில் மண்வெட்டியோடு வந்தவரும் அவர்தான்.

அந்த இரண்டு மணித்தியாலத்தைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன்.

முதலில் வழக்கு. திருகோணமலை நீதிமன்றத்தில் உள்ள வழக்கில் எதிரெதிரே நிற்பவர்கள் எல்லோரும் ஒரே கட்சிக்காரர். நீதிபதியின் தீர்ப்பு கட்சி யாப்பின் எந்தப் பிரிவு மீறப்பட்டது என்று சொல்லலாம். கட்சி எங்கே போவது என்று சொல்லாது. வழக்குப் போட்டவர்களும் எதிராளிகளும் உட்கார்ந்து, எல்லோரும் ஏற்கும் ஒரு இணக்கத்தை நீதிமன்றத்தில் பதிந்து அதை முடியுங்கள். ஜனவரி 21 தெரிவு செல்லும் என்று முடிவெடுத்தாலும் சரி, யாப்பின்படி சுத்தமாக மறுபடி நடத்துவோம் என்று முடிவெடுத்தாலும் சரி, எனக்கு இரண்டும் சம்மதம். இழுத்துக்கொண்டே போவதுதான் சம்மதமில்லை. 2025 ஏப்ரல் 26, தந்தை செல்வாவின் நினைவு நாளுக்கு முன் இது முடியவேண்டும்.

அடுத்தது மாநாடு. ஒத்திவைத்த மாநாட்டைக் கூட்டுங்கள். கூட்டுவதற்கு இரண்டு மாதம் முன்னதாக, கட்சியின் வழி என்ன என்பது பற்றிய அறிக்கையை எழுதி எல்லா மூலக்கிளைகளுக்கும் அனுப்புங்கள். ஒருமித்த அறிக்கை எழுத முடியாவிட்டால் இரண்டு அறிக்கைகளாக அனுப்புங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சமஷ்டி (கூட்டாட்சி) என்றால் இன்றைக்கு எது, புதிய யாப்புப் பேச்சில் எதை விட்டுக்கொடுக்க மாட்டோம், 13ஆவது திருத்தத்தை என்ன செய்வது, வடக்கு கிழக்கு இணைப்பில் முஸ்லிம் மக்களிடம் என்ன சொல்லப்போகிறோம், ஜனாதிபதித் தேர்தல் வந்தால் எப்படி முடிவெடுப்போம், யார் முடிவெடுப்பது: இவை அதில் இருக்கவேண்டும். மூலக்கிளைகள் கூடிப் பேசித் தங்கள் கருத்தை எழுதி அனுப்ப நாள் கொடுங்கள். பிறகு மாநாட்டில் வாக்கெடுப்பு வையுங்கள், ஆளுக்கு வைத்ததுபோலவே வழிக்கும். தோற்கும் பக்கம் கட்சியில் இருந்து போகவேண்டியதில்லை, அடுத்த மாநாடு வரை முடிவின்படி நடந்தால் போதும். என் பக்கம் தோற்றாலும் நான் நடப்பேன் என்று இதில் எழுதித் தருகிறேன்.

இடையில், தொலைக்காட்சியிலும் முகநூலிலும் ஒருவரை ஒருவர் விலைபோனவர், துரோகி என்று சொல்வதை இரண்டு பக்கத்து ஆதரவாளரும் நிறுத்தவேண்டும். அதை நிறுத்தச் சொல்லும் கடமை உங்களுடையது. துரோகி என்ற சொல்லுக்கு நமது மண்ணில் என்ன நடந்தது என்று அறிந்தவர்கள் நீங்கள். 1989இல் சுட்டுக் கொல்லப்பட்ட அமிர்தலிங்கம் வளர்த்த கட்சி இது. அந்தச் சொல் நமது வாயில் இருந்து ஒருவர் மீதும் வரக்கூடாது.

2023 ஜனவரியில் கூட்டமைப்பு உடைந்தபோது வேறு வழியில் போன கட்சிகளோடும் பேசுங்கள். இந்தத் தேர்தலில் திருகோணமலையில் அவர்களும் நாமும் ஒரே வீட்டுச் சின்னத்தில் நின்றோம், அந்த ஓர் ஆசனம் தப்பியது. திருகோணமலையில் முடிந்தது மற்ற இடங்களில் ஏன் முடியாது? உள்ளூராட்சித் தேர்தலும் மாகாண சபைத் தேர்தலும் முன்னால் இருக்கின்றன. வேட்பாளர் பட்டியல் எழுதும் இரவில் பேசத் தொடங்கினால் அது ஆசனப் பங்கீடாகத்தான் முடியும். இப்போதே தொடங்குங்கள்.

கடைசியாக, மாநாட்டை மட்டக்களப்பில் வையுங்கள். மண்டபம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாவற்றையும் எங்கள் மாவட்டத்து மூலக்கிளைகள் பார்த்துக்கொள்ளும். மாநாடு முடிந்த அடுத்த நாள், இரண்டு பக்கத்துத் தலைவர்களும் ஒரே வாகனத்தில் சித்தாண்டிக் கொட்டகைக்கு வரவேண்டும். பால் கானோடு வந்த அந்தப் பண்ணையாளரிடம் நான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

எங்கள் மூலக்கிளைக் கூட்டத்தை வருகிற தைப்பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கூட்டுகிறேன். மச்சான் தலைமை தாங்குவார். உங்களிடம் இருந்து பதில் வந்தால் அங்கே வாசிப்பேன். வராவிட்டால் இந்த மடலை வாசிப்பேன்.

இப்படிக்கு,
படுவான்கரையில் இருந்து ஒரு மூலக்கிளைச் செயலாளர்
2024 டிசம்பர்